பேய்க்கு மூன்று தடவை கூப்பிடத் தெரியாது

1

நாற்பது வயதை எட்டப்போகிற ஒருவன், மகனின் பயத்தைப் போக்குவதற்காக அவனைப் பேய் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், கண்ணாடியைத் தொலைத்து, கடைசியில் ஓர் எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, அதைத் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நான்தான்.

எலும்புக்கூட்டுக்குப் பதினெட்டு வயதிருக்கலாம். கறுப்புச் சட்டையில் வெள்ளைச் சாயத்தால் விலா எலும்புகளை வரைந்துகொண்டு கோடை விடுமுறையில் சம்பாதிக்க வந்த பையன். அவன் கை ஈரமாக இருந்தது. ஈரம் என்னுடையது. எங்களுக்கு முன்னால் ஆறு வயதுச் செழியன், ஐஸ்கிரீம் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தபடி நிதானமாக நடந்துகொண்டிருந்தான். வரிசையில் நின்ற வெள்ளைக்காரத் தாய்மார்கள் என்னைச் சுட்டிக்காட்டித் தங்கள் பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆளே பயந்து வருகிறார், நீ பயப்படுவதில் தப்பில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்த நாட்டின் குழந்தை வளர்ப்புக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

என் சொந்த ஊரான தேனியில் இதைப் படிக்கிறவர்கள் இந்த இடம் வரைக்கும் சிரிக்கலாம். மீதியைப் பற்றி எனக்கே இன்னும் நிச்சயமில்லை.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், வருஷத்தில் பத்து மாதம் மூக்கொழுகும் ஓர் ஊர். நகராட்சியின் தண்ணீர் இலாகாவில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். வைகை அணைக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்று நேர்முகத் தேர்வில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவர்கள் அது எந்தக் கண்டத்தில் ஓடும் ஆறு என்று கேட்டார்கள்.

கடற்கரையை ஒட்டி ஒரு கேளிக்கைப் பூங்கா. அதில் சுற்றுவது, குலுக்குவது, தலைகீழாகத் தொங்கவிடுவது என்று பலவகை இயந்திரங்கள். காசு கொடுத்து அவஸ்தைப்படுவதை இங்கே விடுமுறை என்கிறார்கள். அங்கேதான் செழியனின் வகுப்புத் தோழன் ஒருவனுடைய பிறந்தநாளைக் கொண்டாடப் போகிறார்கள் என்று அழைப்பு வந்தது. வகுப்பே பேய் ரயிலில் ஏறப்போகிறதாம். அழைப்பு வந்த அன்றிலிருந்து இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விளக்கை அணைத்தால் அழுகை. ஏறவும் பயம், ஏறாமல் நின்றால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

செழியன் என்று ஆசையாகப் பெயர் வைத்தது நான். பள்ளிக்கூடத்தில் அது ஷெல்லி ஆயிற்று. அவனுக்கே ழகரம் வராது, செலியன் என்பான். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். தமிழ் அவனுக்குக் கேட்பதற்கான மொழி, பேசுவதற்கானது அல்ல. கும்பகோணத்துக்காரியான என் மனைவி கௌரி, கேட்கிறதாவது கேட்கிறதே என்பாள்.

பிறந்தநாளுக்கு முந்தைய வாரம், ஒத்திகை பார்க்கலாம் என்று அவனை அங்கே அழைத்துப் போனேன். பேய் ரயிலின் வாசலில் பெற்றோருக்கென்று ஒரு பலகை. உள்ளே என்ன வரும் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், மற்றவர்கள் ஏறி இறங்குவதை முதலில் பார்க்கவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அன்பாக எழுதியிருந்தது. படித்தபோது கண் கலங்கியது. இதில் ஒன்றைக்கூட நம்மூரில் யாரும் எனக்குச் செய்ததில்லை.

பலகை சொன்னபடியே செய்தேன். இருவரும் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிகள் ஒரு கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே போவதையும், இன்னொரு கதவு வழியே வெளியே வருவதையும் பார்த்தோம். உள்ளே இருப்பதெல்லாம் அட்டையும் சாயமும்தான் என்றேன். போகிற வண்டி எல்லாம் திரும்பி வருகிறது பார் என்றேன்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழிலேயே கேட்டான்.

"போனவங்களேதான் வர்றாங்களா, டாட்?"

"பின்னே?"

"எப்படித் தெரியும்?"

சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் உள்ளே போனதை நான் பார்த்திருந்தேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வெளியே வந்தார். அதற்கு மேல் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

3

எங்கள் காலத்துப் பயம் வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும். அறுபதுகளின் தொடக்கம். தேனி கடைவீதியில் அப்பாவுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். திருவிழாவுக்கு ஆத்தாவையும் எங்களையும் மாமாவோடு அனுப்பிவிட்டு அவர் கடையிலேயே இருந்துவிடுவார். அக்கா மல்லிகா என்னைவிட நாலு வயது மூத்தவள். எனக்கு ஒன்பது.

ராட்டினம் அப்போது மரம். நாலு தொட்டில், கையால் தள்ளுகிற ஆட்கள், எண்ணெய் காணாத அச்சு. பலகையில் எழுதி வைத்த அறிவுரை எதுவும் கிடையாது. குழந்தையின் பயத்தைப் போக்க அங்கே ஒரே வழிதான் இருந்தது: அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தொட்டிலுக்குள் போட்டுக் கொக்கியை மாட்டுவது. மாமா அதைத்தான் செய்தார்.

"ஆம்பளப்பிள்ள அழுகலாமாலே? ஒங்க அக்காளப் பாரு, எப்படிக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா."

குத்துக்கல் என்னை முறைத்தது.

பொழுது மசங்கிய நேரம். இரண்டு சுற்று வந்ததும் எங்கள் தொட்டில் உச்சியில் நின்றுவிட்டது. கீழே ஆட்களை மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொட்டில் தானாக முன்னும் பின்னும் அசைந்தது. ஒரு பக்கம் கடைகளின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். இன்னொரு பக்கம் முல்லையாற்றுப் பக்கத்துத் தென்னந்தோப்பு, முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து அக்கினிச்சட்டிகள் வந்துகொண்டிருந்தன. மேலேயிருந்து பார்த்தால் தூக்கி வருகிற ஆட்கள் தெரியவில்லை. நெருப்புகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, மனிதர் நடக்கிற உயரத்தில் நடந்து வந்தன. ஒரு நெருப்பு நின்றது. மற்றவை அதைச் சுற்றிக்கொண்டு போயின. நின்ற நெருப்பு நிமிர்ந்து எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பெண் குரல், கீச்சென்று மெலிந்தது. முதலில் ஏதோ ஒரு சொல். அது மேளச் சத்தத்தில் போய்விட்டது. அப்புறம் தெளிவாக, "இங்கன வா."

தோப்புப் பக்கமிருந்து வந்ததா, காதுக்குப் பக்கத்திலா, சொல்ல முடியவில்லை. கொஞ்சம் விட்டு இரண்டாவது தடவை. அதே தொலைந்த சொல், அதே "இங்கன வா."

மல்லிகாவின் கை என் வாயை இறுகப் பொத்தியது. பொரிகடலை வாசம் அடித்தது. மூச்சு முட்டியது. அவள் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்றாவது தடவை அந்தக் குரல் வரவில்லை. ராட்டினம் நகர்ந்தது.

இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான். விளக்கு வைத்த பிறகு யாராவது கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால் மனிதர். இரண்டோடு நின்றால் அது வேறே. அதற்கு மூன்றாவது தடவை கூப்பிடத் தெரியாது. இரண்டுக்குள் பதில் சொல்லிவிட்டவர்கள் கதை எல்லாம் ஆத்தாவிடம் உண்டு. எதிலும் முடிவைச் சொல்லமாட்டாள், உச்சுக்கொட்டி நிறுத்திவிடுவாள்.

இறங்கியதும் அக்காவிடம் ஏன் வாயைப் பொத்தினாய் என்று கேட்டேன். "பேசாம வாடா" என்றாள். பதில் சொல்லிவிடாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று நானே புரிந்துகொண்டேன். அன்றிரவு காய்ச்சல் கண்டது. ஆத்தா பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓதிய தண்ணீரை முகத்தில் தெளிக்க வைத்தாள். எதைப் பார்த்துப் பயந்தாய் என்று கேட்டாள். நான் பார்க்கவில்லையே, கேட்டேன். ஆகவே ஒன்றுமில்லை என்றேன்.

4

அதன்பின் முதல் இரண்டு அழைப்புக்கு நான் எழுந்ததில்லை. பகலிலும்தான். வேண்டுமென்று செய்வதல்ல, நாக்கு எழாது. கல்லூரியில் வருகைப் பதிவின்போது பேராசிரியர் ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவார், ஆகவே நான் வகுப்பில் உட்கார்ந்தபடியே வராதவன் ஆனேன். சென்னையில் கப்பல் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை எடுத்துக்கொண்டார்கள். வெளிநாடு வந்த பிறகு இது முற்றியது. வெள்ளைக்காரர்கள் இரண்டு தடவைக்கு மேல் யாரையும் கூப்பிடுவதில்லை. மூன்றாவது தடவை கூப்பிடுவது அவர்களுக்கு அநாகரிகம். மரியாதையிலும் பேயிலும் அவர்கள் கணக்கு ஒன்றுதான்.

எனக்குக் காது மந்தம் என்று கௌரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். காத்திருக்கும் அறையில் நர்ஸ் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் அசையவில்லை. கோளாறு உறுதி என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரே ஒருமுறைதான் சிரிக்க முடியாமல் போயிற்று. ஆத்தாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரம் என்று சொல்லி அந்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம், மூடுகிற நேரம், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ராசு, ராசு என்றார்கள். எழுந்து போவதற்குள் ஜன்னலை இறக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை அது கைக்கு வந்தபோது இரண்டாவது தந்தியும் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு வழக்கத்தை எந்த அறிவாளியாவது மகனுக்குக் கற்றுத் தருவானா? தந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பலகையின் அறிவுரை எல்லாம் தீர்ந்துபோன பிறகு, அவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தபோது, என் கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"உள்ள யாராவது உன்னைக் கூப்பிட்டா பதில் சொல்லாதே. மூணு தடவை கூப்பிட்டா மனுஷங்க. பேய்க்கு மூணு தடவை கூப்பிடத் தெரியாது."

"ஏன் தெரியாது?"

"பேய் பள்ளிக்கூடம் போகல."

அவன் முகம் தெளிந்தது. ஒரு விதி கிடைத்துவிட்டது. விதி இருந்தால் அது விளையாட்டு, விளையாட்டென்றால் ஜெயிக்கலாம். விரலை மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டான். ஏறலாம் என்று அவனே எழுந்தான். பலகை எழுதியவர்களை ஜெயித்துவிட்ட கர்வத்தோடு நான் சீட்டு வாங்கினேன்.

5

முதல் கதவை வண்டி இடித்தது. ஒரு சவப்பெட்டி திறந்தது. ஒரு கிழவி சிரித்தாள். எல்லாம் அட்டையும் சாயமும்தான், நான் சொன்னபடியே. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தான். இரண்டாவது திருப்பத்தில், ஏதோ நூல்நூலாக முகத்தில் உரச, நான் தலையை வெட்டியதில் கண்ணாடி எங்கோ விழுந்தது. அதைத் தேட அவன் கையை விட்டேன்.

வண்டி நின்றது. கிழவியின் சிரிப்பு இழுத்து இழுத்து, ஆண் குரலாகி, ஓய்ந்தது. வெளியே ராட்சசச் சக்கரங்களின் இரைச்சலும் நின்றுவிட்டது. மின்சாரம் போய்விட்டது என்பது எனக்கு உடனே புரிந்தது. தேனிக்காரனுக்கு மின்வெட்டைச் சொல்லித்தரவேண்டியதில்லை. பயப்படாதே தம்பி, கரண்ட் போயிருக்கு என்று பக்கத்தில் கைவைத்தேன். பலகை. இன்னும் தள்ளி வைத்தேன். பலகையின் ஓரம்.

மடிமேல் குறுக்காகப் போட்டிருந்த கம்பி என் உடம்புக்கு அளவெடுத்துப் போட்டது. அதன் அடியில் ஆறு வயதுக்காரன் நழுவிப் போக எவ்வளவோ இடம் இருந்தது.

"செழியா" என்று கூப்பிட்டேன். அந்தச் சாயம் பூசிய குகைக்குள் என் குரல் எங்கெங்கோ போய், வேறு யாரோ கூப்பிட்டதுபோல் பின்னாலிருந்து வந்தது. "செழியா." இரண்டாவது தடவையும் பதில் இல்லை. அப்போதுதான் நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. பிள்ளை இங்கேதான் இருக்கிறான். எண்ணிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தபோது தூரத்தில் கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஓர் ஆள் உருவம், கையில் ஒலிபெருக்கி. யாரும் வண்டியை விட்டு இறங்க வேண்டாம், சில நிமிஷத்தில் சரியாகிவிடும் என்றார் மேலாளர். என் பையனைக் காணோம் என்று கத்தினேன். பெயர் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார், எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "செல்லியான்" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. கொஞ்சம் விட்டு, இன்னும் மரியாதையாக, இன்னொரு தடவை.

பதில் இல்லை. அப்படியானால் பையன் உள்ளே இல்லை, ஓடி வெளியே வந்திருப்பான், ஐஸ்கிரீம் பக்கம் தேடச் சொல்கிறேன் என்றார்.

இன்னும் ஒரு தடவை கூப்பிடுங்கள் என்றேன். ஏன் என்றார். இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு தடவைக்குள் பதில் சொல்லக்கூடாது என்று பையனுக்குச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். மேலாளர், அதிர்ச்சி அடைந்தவர்களிடம் பேசுகிற குரலில், அமைதியாக உட்கார்ந்திருங்கள் ஐயா, இதோ மின்சாரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மின்சாரம் வந்தால் வண்டிகள் நகரும். ஒரு வண்டி இல்லை, வரிசையாக எல்லா வண்டியும். பையன் தண்டவாளத்தின்மேல் எங்கே நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

கம்பியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். காலுக்கடியில் தண்டவாளம். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு, எதிரே நெருப்புபோல் ஒன்று தெரிந்தது. அவசரவழி விளக்காக இருக்கவேண்டும். மனிதர் நடக்கிற உயரத்தில் இருந்தது. அசைந்தது. நின்றது. நிமிர்ந்து பார்ப்பதுபோல் நின்றது. இந்த இடத்தில் நான் முன்பு இருந்திருக்கிறேன். காலுக்கடியில் தரை முன்னும் பின்னும் அசைய ஆரம்பித்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்தேன். தொண்டை இறுகிவிட்டது. பொரிகடலை வாசம் அடித்தது.

அதற்கு அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு என்னிடம் கணக்கில்லை. என் விரல்களுக்குள் ஒரு சின்னக் கை, உலர்ந்த கை, வந்து புகுந்தது மட்டும்தான் தெரியும்.

"மூணு ஆச்சு, டாட்" என்றான் செழியன்.

6

அந்தப் பக்கத்துச் சந்திலிருந்து டார்ச் விளக்கோடு ஓடிவந்த எலும்புக்கூடு எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது, அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. எந்தப் பெண்மணி என்றேன். இப்போது கத்தினார்களே, உங்கள் பாஷையில் என்றான். டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தான். அட்டைக் கிழவியைத் தவிர அங்கே வேறு பெண்மணி இல்லை. எங்கள் வண்டிக்கு இரண்டு சீட்டுதான். அவன் என் கையைப் பிடித்தானா, நான் அவன் கையைப் பிடித்தேனா என்பது இனி ஆராய்ச்சிக்குரியது.

ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துவிட்டு, ஏன் வண்டியை விட்டு இறங்கினாய் என்று கேட்டேன். வண்டியில் உட்கார்ந்திருந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று பேய்க்குத் தெரிந்துவிடுமாம். கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்றானாம். நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டீர்கள், அந்த மைக் இரண்டு தடவை கூப்பிட்டது, எல்லாம் இரண்டு இரண்டு, ஆகவே வரவில்லை என்றான். அப்புறம் ஏன் வந்தாய் என்றேன்.

"அந்த ஆன்ட்டி கூப்பிட்டாங்க. நீங்க ரெண்டு, அவங்க ஒண்ணு. மூணு."

தனித்தனிக் குரலைக் கூட்டக்கூடாது என்று அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. நல்லவேளை.

வீட்டில் நான் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்று மாலை கௌரி சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மகன் அவள் பக்கத்தில் நின்றபடி, "அம்மா, இங்கனன்னா என்ன?" என்று கேட்டான்.

கௌரி தோசைக்கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாணமான முதல் வாரம், அங்கன வை, இங்கன வா என்று நான் பேசியதைக் கேட்டு அவள் தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று நிறுத்தினேன். மகன் பிறந்த பிறகு ஒருநாளும் அது என் வாயில் வந்ததில்லை. ஊருக்கு அவனை இதுவரை அழைத்துப் போனதில்லை. இந்த ஊரில் தேனிக்காரர் வேறு யாரும் இல்லை.

"யார் சொன்னா உனக்கு?" என்றாள் கௌரி.

"ஒரு ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் ஏதோ சொன்னாங்க, புரியல. அப்புறம் இங்கன வா."

தோசை தீய்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. மகன் நன்றாகத் தூங்கினான், விளக்கை அவனே அணைத்தான். நான்தான் போய்ப் போட்டேன். என் யோசனை எல்லாம் ஒன்றுதான். ஆற்றங்கரையில் அந்தக் குரல் இரண்டு தடவை கூப்பிட்டது. மூன்றாவது கூப்பிட்டிருந்தால் மனிதர் என்று ஆகியிருக்கும். அதைச் சொல்லி முடிக்க அது கடல் தாண்டி, இத்தனை வருஷம் கழித்து வந்ததா? பிள்ளையைக் காப்பாற்ற வந்ததா? இல்லை, நான் பதில் சொல்லாததை என் பிள்ளையிடமிருந்து வாங்கிப்போக வந்ததா? மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை, உள்ளே போனவனேதானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ழகரம் வருகிறதா என்றுகூடச் சோதித்தேன். வரவில்லை. அவனேதான்.

பிறந்தநாளன்று பேய் ரயிலில் அவன் இரண்டு தடவை ஏறினான். அதோடு நிற்காமல் விதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். கேக் வெட்டக் கூப்பிட்டபோது அத்தனை பிள்ளைகளும் காது கேளாதவர்கள்போல் நின்றதாகப் பிறந்தநாள் பையனின் தாய் கௌரியிடம் வருத்தப்பட்டாள்.

கடைசியில் பொறுக்கமுடியாமல் தேனிக்கு டிரங்க் கால் போட்டேன். மல்லிகாவின் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் மண்டி, அங்கே போன் உண்டு. மச்சான் எடுத்து, "இந்தா, ஒங்கக்கா வந்துட்டா" என்று கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டினம், நெருப்பு, இரண்டு தடவை வந்த குரல், அவள் என் வாயைப் பொத்திக் காப்பாற்றியது, இப்போது மூன்றாவது. கம்பியில் அணைத் தண்ணீர் மதகில் இரைவதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. அவளும் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏலே ராசு" என்றாள். "அன்னிக்கு எந்தப் பொம்பளடா கூப்பிட்டா? நீதான கத்துன. 'ஆத்தா, இங்கன வா, ஆத்தா, இங்கன வா'ன்னு. கீழ அம்புட்டு சனமும் அண்ணாந்து பாத்துச்சு. மாமா தலையத் தொங்கப் போட்டாக. மானம் போகுதேன்னு வாயப் பொத்துனேன். இல்லாட்டி மூணாவதும் கத்தியிருப்ப. பயந்தா ஒனக்குப் பொம்பளக் குரலுதான வரும்."

ரிசீவரைக் காதில் வைத்தபடி, அந்த இருட்டில் தொண்டை இறுகிய இடத்தை, அதற்கு அப்புறம் கணக்கில்லாத கொஞ்ச நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையைக் கூப்பிட்டது நான்தான் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்ப அவனைக் கூப்பிட்டு வரவழைச்சது நாந்தானக்கா என்றேன்.

"பிள்ளையவா கூப்பிட்ட?" என்றாள் மல்லிகா. "அப்பவும் ஆத்தாவத்தான் கூப்பிட்டிருப்ப."